சங்கத்தில் சேர்வதா? பக்தாத் காலத்துக் கேள்வி



போன வாரம் இஷாவுக்குப் பிறகு பள்ளி முற்றத்தில், நம்மிடம் படித்த பிள்ளை ஒருவர் ஒரு படிவத்தை நீட்டினார். பழைய சங்கமொன்று அவரை அங்கத்தவராகச் சேரச் சொல்லி இருக்கிறது. வாப்பாவும் மூத்தவாப்பாவும் அதில் இருந்தவர்கள். "ஸேர், சேரவா வேண்டாமா?" என்றார்.

உடனே பதில் வரவில்லை. மையத்து வீடென்றால் முதலில் கதிரை கொண்டு வந்து போடுபவர்கள் அவர்கள்தான். அதே ஆட்கள் சில வருடங்களுக்கு முன் ஒரு காணித் தகராறில், அங்கத்தவர் என்ற ஒரே காரணத்துக்காகப் பிழையான பக்கம் நின்றதையும் பார்த்தோம். நாமும் அன்று வாய் திறக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எழுதிச் சொல்கிறோம் மகன் என்று அனுப்பிவிட்டோம். எழுதுகிறபோது எல்லோரும் வாசிக்கட்டுமே என்று இங்கேயே போடுகிறோம்.

இது நம் வரலாற்றில் பழைய கேள்வி. அரபியில் ஃபதா என்றால் இளைஞன். ஸூரத்துல் கஹ்ஃபில் குகைத் தோழர்களைச் சொல்லும் சொல்லும் இதிலிருந்து வந்ததுதான். அந்த இளைஞனுக்குரிய வீரமும் பெருந்தன்மையும் ஃபுதுவ்வா. அப்பாஸியர் காலத்தில் இந்தப் பெயரில் சகோதரக் கூட்டங்கள் உருவாகின. சேருகிறவருக்கு இடுப்பில் கச்சை கட்டுவார்கள், உப்புக் கரைத்த தண்ணீர் குடிக்கக் கொடுப்பார்கள், ஸிர்வால் என்ற களிசானை அணிவிப்பார்கள். அதன் பிறகு அவர் அவர்களுடைய ஆள்.

நல்லவர்களும் இருந்தார்கள், சண்டியர்களும் இருந்தார்கள். பக்தாதில் வாழ்ந்த இமாம் இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) இந்தக் கூட்டத்தாரில் சிலரைப் பற்றி எழுதியதை வாசித்தால் சிரிப்பும் வரும், கவலையும் வரும். ஃபதா பொய் சொல்ல மாட்டான், பிறர் மானத்தைக் காப்பான் என்பார்களாம். ஆனால் அடுத்தவன் சொத்தை எடுப்பதில் அவர்களுக்குக் கூச்சம் இருக்கவில்லை.

ஹிஜ்ரி 578இல் (கி.பி. 1182) கலீபா அந்நாஸிர் தாமே ஸிர்வால் அணிந்து ஒரு கூட்டத்தில் சேர்ந்தார். சாதாரண ஆளல்ல, கலீபா! ஒழுங்கில்லாத கூட்டங்களை வெளியே நின்று அடக்குவதைவிட உள்ளே போய்த் தலைமையைப் பிடிப்பது சுலபம் என்று கணக்குப் போட்டிருப்பார் போலும். வேறு நாட்டு ஆட்சியாளர்களும் அவருடைய ஸிர்வாலைக் கேட்டு வாங்கி அணிந்தார்கள். கூட்டங்களுக்குள் கைகலப்பு முற்றியபோது, ஹிஜ்ரி 604இல் (கி.பி. 1207) ஒரு கட்டளை போட்டார். அநியாயமாகக் கொலை செய்தவனுக்கு ஃபுதுவ்வாவில் இடமில்லை. அவன் நம்முடைய தோழன் என்று சொல்லி ஒளித்து வைப்பவனுக்கும் இடமில்லை. இந்த இரண்டாவது பகுதியைத்தான் நாம் திரும்பத் திரும்ப வாசித்தோம்.

நல்ல பக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இப்னு பதூதாவிடம் போக வேண்டும். 1344இல் புத்தளத்தில் வந்து இறங்கி, பாவா ஆதம் மலைக்கு ஏறிய அதே மனிதர். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் துருக்கி நாட்டில் சுற்றியபோது, அன்தாலியாவில் கிழிந்த உடுப்புடன் ஒருவர் வந்து விருந்துக்கு அழைத்தார். பாவம், ஏழைக்கு ஏன் செலவு வைப்பது என்று இவர் தயங்க, பக்கத்திலிருந்த ஷெய்க் சிரித்தார். அந்த மனிதர் செருப்புத் தைப்பவர், ஏறத்தாழ 200 தொழிலாளிகளின் தலைவர். அவர்களை அஹீகள் என்பார்கள். பகலில் உழைப்பதை இரவில் ஒன்றாகப் போட்டு, தங்கள் மண்டபத்தில் பயணிகளுக்குச் சாப்பாடு கொடுப்பார்கள். லாதிக் என்ற ஊரில் கடைக்காரர்கள் ஓடிவந்து குதிரைக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கத்தியை உருவ, கொள்ளையர்கள் என்று இப்னு பதூதா பயந்தே போனார். பிறகு பார்த்தால், இவருக்கு முதலில் யார் சோறு போடுவது என்றுதான் இரண்டு அஹீ கூட்டங்களுக்குள் சண்டை! சீட்டுக் குலுக்கித்தான் தீர்த்தார்கள்.

விருந்துக்குத்தானே என்று நாமும் சிரிக்கிறோம். ஆனால் அங்கேயும் கத்தி உருவப்பட்டது.

ஏறக்குறைய அதே காலத்தில் டமஸ்கஸில் இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்களிடம் இதுபற்றிக் கேட்டார்கள். களிசானுக்கும் உப்புத் தண்ணீருக்கும் மார்க்கத்தில் ஆதாரமில்லை என்றார். அலி (ரலி) அவர்கள் வரை போவதாகச் சொல்லப்பட்ட தொடரையும் ஏற்கவில்லை. அதோடு நிறுத்தவுமில்லை. அல்லாஹ்வும் ரஸூலும் ஏவியதில் கூட்டமாகச் சேர்ந்தால் அது நல்லதுதான். தம் கூட்டத்தில் சேர்ந்தவன் சரியோ பிழையோ அவனுக்காக நிற்பதும், சேராதவன் சரியோ பிழையோ அவனை ஒதுக்குவதும்தான் கண்டிக்கப்பட்ட பிரிவினை என்றார். சண்டை களிசானைப் பற்றியது என்று நினைத்தவர்களுக்கு அவர் வேறொரு இடத்தைக் காட்டினார்.

நபி (ஸல்) அவர்களும் நபித்துவத்துக்கு முன் ஒரு கூட்டு உடன்படிக்கையில் இருந்தார்கள். ஹில்ஃபுல் ஃபுழூல். யமனிலிருந்து வந்த வியாபாரி ஒருவரின் பொருளை மக்காவின் பெரிய மனிதர் ஆஸ் இப்னு வாயில் வாங்கிவிட்டுக் காசு கொடுக்கவில்லை. அதற்காகத்தான் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் கூடினார்கள். ஊரார் கூடி, தங்கள் ஊரானுக்கு எதிராக வெளியூரானுக்கு நியாயம் வாங்கிக் கொடுத்தார்கள். இஸ்லாத்திலும் அப்படியொன்றுக்கு அழைத்தால் போவேன் என்று பின்னர் சொன்னார்கள்.

மகன், உங்கள் படிவத்தை இப்போது எடுத்துப் பாருங்கள். சந்தாவும் கூட்ட நாளும் பிரச்சினையில்லை. தொப்பியும் சால்வையும்கூடப் பெரிய விசயமில்லை. கீழே மூன்றாவது வரியில், அங்கத்தவர் ஒருவருக்குப் பிரச்சினை வந்தால் மற்றவர்கள் "எந்நிலையிலும்" துணை நிற்க வேண்டும் என்று இருக்கிறது. அந்தச் சொல்லை எடுப்பீர்களா என்று அடுத்த கூட்டத்தில் எழும்பிக் கேளுங்கள். தனியாகக் கேட்கச் சங்கடமென்றால் சொல்லுங்கள், அன்று காணி விசயத்தில் பேசாமலிருந்த நாமும் கூட வருகிறோம்.