அச்சாரம் வாங்கின வீடு

தெரு முக்குல இருக்கிற எங்க பழைய ஓட்டு வீட்டை விக்கலாம்னு போன தை மாசம் முடிவு பண்ணினோம். பக்கத்து வீட்டு அண்ணன், பங்காளி முறை. "நானே எடுத்துக்கிறேன் தம்பி"ன்னு வந்து விலை பேசி, வெத்தலை பாக்கோட பத்தாயிரம் ரூபாய் அச்சாரமும் கொடுத்துட்டுப் போனார். எழுத்து எதுவும் கிடையாது. ஒரு வாரத்துல தரகர் கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தார். அவர் ரெண்டு லட்சம் கூடுதலாகக் கேட்டார்.

ராத்திரி தூக்கம் வரலை. நம்ம ஆளுங்க காலங்காலமா இதை எப்படிப் பார்த்திருக்காங்கன்னு புரட்டிப் பார்த்தேன்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் நில விற்பனை பொதுவில் நடக்கிறது. விற்கிறவர் வாங்குவோர் உண்டா என்று கேட்பார். வாங்குகிறவர் பதில் சொல்வார். விலை பேசி, நான்கு எல்லையும் எழுதி, பணம் முழுதும் பெற்றதாக ஓலை எழுதுவார்கள். இதுவே விலையோலை, பணம் செலுத்தியதற்கு வேறு ஓலை காட்ட வேண்டியதில்லை என்றும் அதிலேயே எழுதி வைத்தார்கள்.

பங்காளிக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும்தான் முதல்ல கேக்கணும்னு ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. ஆனா சட்டம் அதுக்கு இடம் கொடுக்கலை. வெள்ளைக்காரன் காலத்துலயே, 1870 வாக்கில், சென்னை உயர்நீதிமன்றம் அந்த முன்னுரிமையை ஏற்க மறுத்துவிட்டது.

1882-ல் வந்த சொத்து மாற்றுச் சட்டம் இன்னும் கறார். விற்பனை ஒப்பந்தம் மட்டும் போட்டால் வீட்டில் எந்த உரிமையும் வந்துவிடாது. கிரயப் பத்திரம் பதிவாகணும். ஒப்பந்தம் போட்டவர் கோர்ட்டுக்குப் போய் கிரயம் கேக்கலாம். 1963-ஆம் ஆண்டு குறித்த பரிகாரச் சட்டம் அதற்கு வழி தருகிறது. ஆனால் முந்தின பேச்சு தெரியாமல், முழு விலையும் கொடுத்து வாங்கிய ரெண்டாவது ஆளை அதே சட்டம் காப்பாற்றுகிறது. 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்யணும். பதிஞ்சிருந்தா வில்லங்கச் சான்றில் தெரியும். வெத்தலை பாக்கு எந்த வில்லங்கத்துலயும் ஏறாதுங்க.

அங்கதான் எனக்கு உறைச்சது. கோயம்புத்தூர்க்காரருக்கு விவரம் தெரியாது. அண்ணன் என்னை நம்பி இருக்கார். ரெண்டு பக்கமும் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்.

தரகர் வேற யோசனை சொன்னார்: "அண்ணன்கிட்ட இந்த விலையைச் சொல்லுங்க, அவரே ஏத்துவாரு." அச்சாரம் வாங்குறதுக்கு முன்னாடின்னா அது நியாயம். ரெண்டு பேர்கிட்டயும் உள்ளதைச் சொல்லிக் கேக்குறதுல தப்பே இல்லை. வாங்கினதுக்கு அப்புறம் சொன்னா அதுக்குப் பேரு மிரட்டல்.

காலையில அண்ணன் வீட்டுப் பக்கம் போனேன். கட்டுத்தறி காலியா இருந்துச்சு. பணம் புரட்ட ரெண்டு மாட்டையும் வித்திருந்தார்.

கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் பண்ணி உள்ளதைச் சொன்னேன். "முதல்லயே சொல்லியிருக்கலாமே"ன்னார். சரிதான், வீட்டைக் காட்டுறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். மாசியில அண்ணன் பேருக்குக் கிரயம் முடிஞ்சது. அந்த ரெண்டு லட்சத்தை வீட்டம்மா இன்னும் சொல்லிக் காட்டுறா. நானும் பதில் பேசுறதில்லை.