இருசு முதல் லாக்கு வரை

ஐப்பசி மழை விழுந்த மறுநாள் காரியாபட்டிப் பக்கம் வண்டிப் பாதையில் இறங்கியவர்களுக்குக் கரிசல் மண்ணின் பிடி தெரியும். வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த நிலம், ஈரம் கண்டதும் உப்பிப் பசையாகிவிடும். செருப்பில் ஒட்டினால் நடக்க நடக்கக் கனம் கூடும். சக்கரத்தில் ஒட்டினால் வண்டி நின்றுவிடும். அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் எந்த வண்டிக்கும் முதல் சோதனை அதன் அச்சுக்குத்தான்.

அச்சைப் பற்றிய கவலை மிகப் பழையது. புறநானூற்றின் 102ஆம் பாட்டில், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழ ஔவையார் எடுத்துக்கொண்ட உவமை, உப்பு வணிகரின் வண்டிக்கு அடியில் கட்டியிருந்த சேம அச்சு. மேடுபள்ளத்தில் அச்சு முறிந்தால் மாற்றிக்கொள்ள இன்னொன்றைக் கையோடு கொண்டுபோனார்கள் உமணர்கள். தலைவனை மாற்று அச்சுக்கு ஒப்பிடுவது சிறிய புகழ்ச்சி என்று தோன்றலாம். பாரம் ஏற்றிய வண்டியோடு நடுக்காட்டில் நின்றவருக்கு அது எவ்வளவு பெரியது என்று புரியும்.

19ஆம் நூற்றாண்டில் இந்தச் சீமையின் வணிகம் பெரும்பாலும் மாட்டு வண்டியின் மேல்தான் நடந்தது. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் நாடார் வணிகர்கள் பேட்டைகள் அமைத்தார்கள். சரக்கும் மாடும் வண்டியும் இரவில் பத்திரமாகத் தங்குவதற்கான அடைப்புகள் அவை. 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்தபோது அது விருதுநகர் வழியாகப் போனது. ரயில் தொடாத காரியாபட்டியில் பருத்தி மூட்டை வண்டியில்தான் நகர்ந்தது.

அந்த வண்டியின் அச்சுக்கு ஊரில் இருசு என்று பெயர். அதில் பூட்டும் சக்கரத்துக்குக் குடம், ஆரக்கால், வட்டை, அதன் மேல் பழுக்கக் காய்ச்சி ஏற்றித் தண்ணீர் விட்டு இறுக்கிய இரும்புப் பட்டா, சக்கரம் கழன்றுவிடாமல் கடையாணி. உராயும் இடத்தில் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: இருசு சுழலாது. அது பாரத்தை மட்டும் தாங்கும். சக்கரங்கள் அதன் மேல் தனித்தனியே சுற்றும். அதனால் வளைவில் வெளிச்சக்கரம் கூடுதலாக ஓடினாலும் வண்டிக்கு இடைஞ்சல் இல்லை. இழுப்பது மாடு, சக்கரம் அல்ல.

இயந்திரம் வந்தபோது இழுக்கும் வேலை சக்கரத்துக்கு மாறியது. இரண்டு சக்கரத்தையும் ஒரே அச்சில் பூட்டினால் திரும்பும்போது ஒன்று தேய்ந்து இழுபடும். 1828இல் பிரான்சில் ஓனெசிஃபோர் பெக்கர் தம் நீராவி வண்டிக்காகப் பதிவுசெய்த டிஃபரன்ஷியல், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிட்டு இதைத் தீர்த்தது. ஆனால் அந்தப் பல்சக்கர ஏற்பாடு சேற்றில் காலை வாரிவிடும். ஒரு சக்கரம் சகதியில் பிடி இழந்தால் அதுவே சும்மா சுற்றும். கெட்டித் தரையில் இருக்கும் மற்றது அசையாது.

சென்னையில் 1960இல் டாஃபே டிராக்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது. டிராக்டர்கள் பெருகப் பெருகக் கரிசல் உழவர்களுக்கு இந்தச் சங்கடமும் பழகியது. குதிகாலுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு மிதிதான் அதற்கு மருந்து. அதுவே லாக்கு. அழுத்தினால் இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றும். சக்கரம் புதைவதற்கு முன்பே மிதிக்க வேண்டும், திரும்புவதற்கு முன்பே விட்டுவிட வேண்டும். லாக்கோடு திருப்பினால் அச்சும் பல்லும் அடி வாங்கும்.

இதே லாக்கு லடாக்கின் பனியில் ஓடும் வண்டிகளில் வேறு குணம் காட்டுகிறது. சேற்றில் உயிர் காப்பது, சரிவான உறைபனிப் பாதையில் ஆளைப் பள்ளத்தை நோக்கித் தள்ளக்கூடும். பூட்டிய இரு சக்கரமும் ஒன்றாகப் பிடி இழந்தால் வண்டியின் பின்பக்கம் பக்கவாட்டில் வழுக்கும். அதனால் தானாகப் பூட்டிக்கொள்வதைவிட, ஓட்டுநர் வேண்டும்போது பூட்டி வேண்டாதபோது விடும் வகையே குளிர்நாட்டுக்கு ஏற்றது. காற்றழுத்தத்தால் இயங்கும் லாக்கானால் குழாயில் தங்கும் ஈரம் உறைந்து அடைத்துக்கொள்ளும். பல்சக்கரங்களுக்கு ஊற்றும் எண்ணெயும் மாற வேண்டும்: ஊரில் ஊற்றும் 90 ரக எண்ணெய் அங்கே மெழுகாகத் தடிக்கும். 75டபிள்யூ-90 வகைக்கு மைனஸ் 40 டிகிரியில் சோதனை. டீசல்கூட உறைவதால் 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் லடாக்குக்கென்று தனிக் குளிர்கால டீசலை வெளியிட்டது.

அந்த மலைப்பாதைகளில் ராணுவச் சரக்கு சுமக்கும் ஸ்டாலியன் லாரி, 1948இல் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய அசோக் லேலண்டின் வடிவமைப்பு. முன் அச்சும் பின் அச்சும் சேர்ந்து இழுக்கும் வண்டி அது.

கனரக வாகனங்களில் முழு மிதவை அச்சு என்று ஒரு வகை உண்டு. பாரத்தை அசையாத வெளிக்குழாய் தாங்கும். உள்ளே இருக்கும் தண்டு திருகும் வேலையை மட்டும் செய்யும். தண்டு முறிந்தாலும் சக்கரம் கழலாது. ஆள் நடமாட்டமில்லாத பனிவெளியில் இந்த ஒரு குணத்துக்காகவே அதைத் தேர்ந்தெடுக்கலாம். அசையாமல் நின்று பாரம் தாங்கும் அந்தக் குழாய் செய்வது, நம் இருசு செய்த வேலைதான்.

காரியாபட்டி, திருச்சுழிப் பக்கம் உங்கள் தொழுவத்தில் பழைய இருசு கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் நீளத்தை அளந்து, செய்த ஆசாரியின் பெயரையும் ஊரையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.