சுழியும் நடையும்: ஏக்நாத் சோல்கர்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோவில் திருவிழாவை ஒட்டிக் கூடும் குதிரைச் சந்தையில், வாங்க வருபவர் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். அது வயதைச் சொல்லும். பிறகு சுழிகளைப் பார்ப்பார். தீய சுழி ஒன்று தென்பட்டால் விலை இறங்கும். விவரமறிந்தவரோ அத்தோடு நிற்பதில்லை. குதிரையை நடக்கவிட்டும் ஓடவிட்டும் பார்த்த பின்னரே விலை பேசுவார்.

விளையாட்டு வீரனின் நிறைகுறைகளை எடைபோடுவதும் ஏறக்குறைய இதுதான். மட்டையாட்டச் சராசரி அவனுடைய சுழி. தடுப்பாட்டம் அவனுடைய நடை. அதை நேரில் பார்த்தால்தான் உண்டு. பேஸ்பாலில் மரியோ மெண்டோசா என்றொரு மெக்சிகோக்காரர் இருந்தார். உள்களத் தடுப்பாளர். அமெரிக்கப் பெருங்குழுக்களில் ஆயிரம் வாய்ப்புக்குச் சுமார் 215 அடிகள் என்பதே அவர் கணக்கு. மோசமான மட்டையாட்டத்தின் எல்லைக்கோட்டுக்கே அவர் பெயரை வைத்துக் கேலி செய்தார்கள். ஆனாலும் 1974 முதல் 1982 வரை ஒன்பது பருவங்கள் அவரை வைத்துக்கொண்டார்கள். காரணம் அவருடைய கையுறை.

நம்மிடையே அவருக்கு நிகராக நினைவுக்கு வருபவர் ஏக்நாத் சோல்கர். பம்பாய் இந்து ஜிம்கானா மைதானப் பராமரிப்பாளரின் மகன். 27 டெஸ்ட்களில் 1068 ஓட்டங்கள், சராசரி 25.42. ஒரே ஒரு சதம். பந்துவீச்சில் 18 விக்கெட்டுகள், ஒவ்வொன்றுக்கும் 59 ஓட்டங்களுக்கு மேல். தாளில் மட்டும் பார்ப்பவர் இவரைக் கழித்துவிடுவார்.

அதே தாளின் ஓரத்தில் இன்னோர் எண் இருக்கிறது: 53 கேட்ச்கள். ஆட்டத்துக்கு ஏறத்தாழ இரண்டு. நூறு கேட்ச்களைக் கடந்த பெரும் ஸ்லிப் தடுப்பாளர்களில் பலருக்கும் இந்த விகிதம் வாய்க்கவில்லை. தலைக்கவசம் இல்லாத காலத்தில், மட்டைக்குச் சில அடி தொலைவில், ஷார்ட் லெக்கில் நின்று பிடித்தவை அவை.

1971 ஆகஸ்டில் ஓவல் மைதானம். இங்கிலாந்தின் முதல் இன்னிங்ஸில் சோல்கர் 28 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகள் எடுத்தார். பின்னர் 44 ஓட்டங்களும் சேர்த்தார். இரண்டாம் இன்னிங்ஸில் சென்னையின் வெங்கட்ராகவன் வீசிய பந்தை ஆலன் நாட் தடுக்க, சோல்கர் முன்னால் பாய்ந்து தரையை ஒட்டிப் பிடித்தார். இங்கிலாந்து 101 ஓட்டங்களில் சுருண்டது. சந்திரசேகருக்கு 6 விக்கெட்டுகள். இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியும் முதல் தொடர் வெற்றியும் அப்படித்தான் வந்தன. அவர் அங்கே நிற்கிறார் என்பதாலேயே தடுத்தாடத் தயங்கி வேறு வழியில் ஆட்டமிழந்தவர்கள் எத்தனை பேரோ. ஸ்கோர் புத்தகத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

1977 ஜனவரியில் இங்கிலாந்துக்கு எதிரான கல்கத்தா டெஸ்டே சோல்கருக்குக் கடைசி. வயது 28. அதே தொடரின் பெங்களூர் டெஸ்டில் அறிமுகமான யஜுர்வேந்திர சிங் ஒரே ஆட்டத்தில் 7 கேட்ச்கள் பிடித்து உலக சாதனையைச் சமன் செய்தார். அவருக்குக் கிடைத்தவை மொத்தம் நான்கே டெஸ்ட்கள்.

சோல்கர் 2005-இல் மறைந்தார். சுழி பார்த்து விலை குறைப்பதில் தவறில்லை. நடையைப் பார்க்காமலே குதிரையைத் திருப்பி அனுப்பினால், நட்டம் வாங்க வந்தவருக்குத்தான்.