பென் டிரைவிலிருந்து இணையத்திற்கு: ஸ்லைடுகளின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன், மக்தப் சிறுவர்களுக்கு உளூவின் முறையைக் கற்பிக்கப் பவர்பாயிண்டில் ஒரு பாடம் தயாரித்தோம். பாமினி எழுத்துருவில் தமிழையும், ஹரகத்துகளுடன் துஆக்களையும் இரவெல்லாம் தட்டச்சு செய்து, பென் டிரைவில் எடுத்துச் சென்றோம். மண்டபத்துக் கணினியில் பாமினி இல்லை. தமிழ் நிற்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து நின்றன. பிள்ளைகள் சிரித்தனர். ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, உளூவைச் செய்தே காட்டினோம். ஸ்லைடுகள் கணினியை விட்டு இணையத்திற்குக் குடிபெயர்ந்த வரலாற்றை நாம் தேடிப் படித்தது அதன் பிறகுதான்.

பவர்பாயிண்ட் பிறந்தபோது அதன் நோக்கம் சிறியது. ஃபோர்தாட் என்னும் நிறுவனத்தில் ராபர்ட் காஸ்கின்ஸும் டென்னிஸ் ஆஸ்டினும் உருவாக்கிய அது, 1987 ஏப்ரலில் ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினிக்கு வெளியானது. முதற்பதிப்பு கறுப்பு வெள்ளை; ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைக்கும் தாள்களை ஆயத்தம் செய்வதே அதன் முதன்மையான வேலை. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்தை 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு வாங்கியது. 1990இல் விண்டோஸ் பதிப்பு வந்தது. 2004இல் கோடாக் தன் ஸ்லைடு புரொஜெக்டர்களின் உற்பத்தியையே நிறுத்திவிட்டது.

ஆனால் ஸ்லைடு ஒரு கோப்பாகவே இருந்தது. கோப்பு போகும் கணினியில் அதே எழுத்துருவும் ஏற்ற பதிப்பும் இருந்தாக வேண்டும். இருவர் சேர்ந்து உழைத்தால் இரண்டு பிரதிகள் உருவாகும். எது இறுதியானது என்பதில் குழப்பம் வரும்.

2007 செப்டம்பரில் கூகுள் தன் இணைய ஆவணச் சேவையில் ஸ்லைடுகளையும் சேர்த்தது. பிரவுசரைத் திறந்தால் போதும். வெவ்வேறு ஊரில் இருப்போரும் ஒரே பிரதியில் எழுதலாம். தமிழும் அரபும் அங்கே ஒழுங்காகத் தெரிவதற்கான பெருமை யூனிகோடுக்கே உரியது. அன்று நாம் யூனிகோடில் எழுதியிருந்தால் பவர்பாயிண்டிலேயே தமிழ் தப்பியிருக்கும், குற்றம் நம்முடையதே.

ஸ்லைடு என்னும் வடிவத்தையே கேள்வி கேட்டது பிரெசி. 2009இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் தொடங்கிய இதன் நிறுவனர்களுள் ஒருவரான ஆடம் சொம்லாய் ஃபிஷர் கட்டடக் கலைஞர். வரைபடத்தை முழுதாகக் காட்டி, பின் ஒரு மூலைக்குள் நெருங்கிச் செல்வது அவர் தொழிலுக்கு இயல்பானது. பிரெசியில் பக்கங்கள் இல்லை. பரந்த ஒரே தளத்தில் எல்லாம் விரிந்து கிடக்கும். பகுதிக்கும் முழுமைக்கும் உள்ள உறவைக் காட்ட, உதாரணமாக ஒரு வம்சாவளியை விளக்க, இதைவிடப் பொருத்தமான கருவியை நாம் கண்டதில்லை. அளவின்றிச் சுழற்றினால் பார்ப்போருக்குத் தலைசுற்றும் என்பதும் உண்மை.

2013இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கேன்வா, ஆயத்த வடிவங்களைத் தந்து வேலையை மேலும் எளிதாக்கியது.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. கோப்பு நம் கையில் இருந்தவரை அதை அழிப்பதும் காப்பதும் நம்மிடமே இருந்தன. இணையத்திலோ அது பிறர் வீட்டில் வைத்த அமானிதம் போன்றது. ஸ்லைடுராக்கெட் என்னும் இணையச் சேவையை 2011இல் விஎம்வேர் வாங்கியது. பின்னர் அது வேறு கைக்கு மாறி, இறுதியில் மூடப்பட்டது. பிரெசியின் பழைய தலைமுறை ஃபிளாஷ் நுட்பத்தின்மீது கட்டப்பட்டிருந்தது. 2020 டிசம்பர் 31இல் அடோபி ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது. அதற்கு முன்பே பிரெசி தன் கருவியைப் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று.

நமது உளூப் பாடம் இன்று யூனிகோடில், இணையத்தில் இருக்கிறது. ஒவ்வொரு திருத்தத்திற்குப் பின்னும் அதன் பிடிஎஃப் பிரதி ஒன்றை அதே பழைய பென் டிரைவில் சேமிக்கிறோம். மின்சாரம் இல்லாத நாளுக்கென்று வாளியும் வகுப்பறையின் மூலையில் இருக்கிறது.