அரசன் கையில் நரம்பிசை

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைக் கடந்து செல்லும் கிரிவலப் பாதை ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளமுடையது. அப்பாதை சூழ்ந்துள்ள மலையைப் பாடிய திருஞானசம்பந்தர், தம் பதிகத்தின் எட்டாம் பாடலில் இலங்கை வேந்தன் இராவணனை நினைவுகூர்கிறார். கயிலையைப் பெயர்க்க முயன்று, அதன்கீழ் நசுக்குண்ட அரசன் அவன்.

இராவணன் சாமகீதம் பாடி இறையருள் பெற்றான் என்பது உத்தரகாண்டம் கூறும் செய்தி. வழிவழி வரும் கதையோ, அவன் தன் கைநரம்பையே வீணைத் தந்தியாக்கி இசைத்தான் என்கிறது. மலையைத் தூக்கிய அதே கை, இசைக் கருவியாகிறது. அவனுடைய கொடியும் வீணைக் கொடி என்றே இலக்கியம் பேசும்.

சீன மரபிலும் இதற்கு ஒப்பான கதை உண்டு. தொல்பழங்காலப் பேரரசர் ஷுன், குச்சின் எனப்படும் நரம்புக் கருவியை ஐந்து நரம்புகளோடு மீட்டித் தென்றலைப் பாடினார் என்றும், பிற்கால மன்னர்கள் வென், வூ இருவரும் ஒவ்வொரு நரம்பைச் சேர்த்து ஏழாக்கினர் என்றும் அம்மரபு கூறுகிறது. அங்கே அரசனின் இசை நல்லாட்சியின் அடையாளம். இங்கேயோ, அரசனின் செருக்கு முறிந்த பின்னரே இசை பிறக்கிறது. இவ்வேறுபாடு நாம் ஊன்றி நோக்கத்தக்கது.

இவை புராண மரபுகள். வரலாற்றுச் சான்றுகள் அல்ல. சான்றை நாடுவோமாயின், புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள குடுமியான்மலைக்குச் செல்லவேண்டும். அங்குள்ள பாறையில் ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்த இசைக் கல்வெட்டு, சுரவரிசைகளை ஏழு பகுதிகளாகத் தருகிறது. ‘பரிவாதினி’ என்னும் வீணையின் பெயரும் அங்கே காணப்படுகிறது. சிவபக்தனும் உருத்திராசாரியரின் மாணாக்கனுமாகிய ஓர் அரசன், மாணவரின் நன்மைக்காக இவற்றைச் செய்தான் என்று கல்வெட்டு முடிகிறது. அரசனின் பெயர் அதில் இல்லை. பல்லவன் முதலாம் மகேந்திரவர்மனே அவன் என்று நெடுங்காலம் கருதப்பட்டது; ஆராய்ச்சியாளர் அனைவரும் இதனை ஏற்பதில்லை.

தமிழ் வேதாகமத்தில் சவுலின் முன் தாவீது வாசித்தது சுரமண்டலம். அரியணை ஏறுமுன்னரே அவன் கை நரம்பிசைக்குப் பழகியிருந்தது. அரியணையிலிருந்த சவுலோ பிறனுடைய இசையால் ஆறுதல் அடைந்தான். அதிகாரம் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ள இயலாது என்பதை இக்கதைகள் யாவும் உணர்த்துகின்றன.

எனவே, மரபுக் கதையைப் பொய்யென்று தள்ளுவதும், அதனையே வரலாறெனக் கொள்வதும் நமக்குத் தகா. ஒரு சமுதாயம் தன் அரசரிடம் எதை எதிர்பார்த்தது என்பதைக் கதை காட்டும். அவ்வரசர் எதை விட்டுச்சென்றார் என்பதைக் கல் காட்டும். குடுமியான்மலை அரசன் தன் பெயரை விடுத்து, மாணவருக்குப் பாடத்தை விட்டுச்சென்றான். ஆசிரியப் பணிக்கும் ஆயர் பணிக்கும் அழைக்கப்பட்டோர் சிந்திக்கத்தக்கது இது.