95 லட்சமும் 79 நாள் கூலியும்

தேர்தல் செலவு வரம்பைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், “பெண்ணியத் தொகுப்புக்கா?” என்று கேட்டாள் தோழி ஒருத்தி. நியாயமான கேள்விதான். உடல், மொழி, குடும்பம், சாதி என்று நாம் எழுதிப் பழகிய பரப்பில் விலைவாசிக் குறியீட்டெண்ணுக்கு இடம் இருந்ததில்லை. ஆனால் 2024 மக்களவைத் தேர்தலில் போட்டியிட்ட 8,360 பேரில் பெண்கள் 800 பேர். வென்றவர்கள் 74 பேர். கட்சிகள் பெண்களுக்கு ஏன் சீட்டுத் தருவதில்லை என்று கேட்டால் கட்சிக்காரர்கள் சொல்லும் முதல் பதில், “செலவு செய்ய முடியுமா அவங்களால?” என்பதுதான். அந்தச் செலவுக்குச் சட்டத்தில் ஒரு வரம்பு இருக்கிறது. யாரும் நம்பாத அந்த வரம்பு எப்படி வந்தது, விலைவாசியோடு அதை எப்படி உயர்த்தினார்கள் என்று தேடிப் படித்தபோது, நம்முடைய கதையாகவே எனக்குப் பட்டது.

தமிழ் வாத்தியாருக்கு உரிய ஒரு குறுக்கீடு: வரம்பும் வரப்பும் ஒரே சொல்தான். பாத்திக்குப் பாத்தி நீர் நிற்க வேண்டும் என்பதற்காக எழுப்பும் மண்மேடு. ஓரிடத்தில் உடைந்திருந்தால், மற்ற இடங்களில் அதை எத்தனை முழம் உயர்த்தியும் பயனில்லை.

நம்முடைய வரப்பு உடைந்தது 1974 அக்டோபரில்.

முதல் பொதுத் தேர்தலில் பெரும்பாலான மாநிலங்களில் ஒரு மக்களவைத் தொகுதிக்கு 25,000 ரூபாய் செலவழிக்கலாம் என்று வைத்தார்கள். 1971 தேர்தலில் உத்தரப் பிரதேசம் போன்ற பெரிய மாநிலங்களில் அது 35,000. டெல்லியில் 10,000 மட்டுமே. அந்த 1971 தேர்தலில் டெல்லி சதர் தொகுதியில் வென்ற காங்கிரஸ் வேட்பாளர் அமர்நாத் சாவ்லா வரம்பை மீறிச் செலவழித்தார் என்று, தோற்ற கன்வர்லால் குப்தா வழக்குப் போட்டார். கட்சி செய்த செலவு வேட்பாளர் கணக்கில் சேருமா என்பதுதான் வழக்கின் மையம். வேட்பாளருக்குத் தெரிந்து, அவருடைய வெற்றிக்காகக் கட்சி செய்த செலவு அவர் செலவுதான் என்று 1974 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி பகவதி. வரம்பு எதற்கு என்பதையும் அவர் விளக்கினார்: பணமில்லாத ஒரு குடிமகனும் பணமுள்ளவரோடு சமமாக நின்று போட்டியிட முடிய வேண்டும், பெரும் பணத்தின் கை தேர்தலில் ஓங்கக்கூடாது. ‘குடிமகன்’ என்ற இடத்தில் குடிமகளை வைத்துப் படிப்பது என் வழக்கம்.

தீர்ப்பு வந்து பதினாறாம் நாள், அக்டோபர் 19 அன்று, மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கட்சியோ நண்பர்களோ செய்யும் செலவு வேட்பாளரின் செலவாகாது என்று 77ஆவது பிரிவில் ஒரு விளக்கம் செருகப்பட்டது. டிசம்பரில் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. அப்போது பிரதமருடைய சொந்தத் தேர்தலை எதிர்த்த வழக்கு அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. வரம்பை மீறிய செலவும் அதில் ஒரு குற்றச்சாட்டு. (1975 ஜூன் 12 தீர்ப்பில் அந்தக் குற்றச்சாட்டு தள்ளுபடியானது; தேர்தல் செல்லாமல் போனது வேறு காரணங்களால்.) பெண்கள் நுழையவேண்டிய வாசலில் பணத்தைப் பாயவிட்ட சட்டம் ஒரு பெண் பிரதமரின் ஆட்சியில் வந்தது. அதிகாரத்தில் ஒரு பெண் இருப்பதும் பெண்களுக்கு அதிகாரம் கிடைப்பதும் ஒன்றாகிவிடாது என்று வகுப்பில் சொல்லும்போது நான் முதலில் எடுக்கும் உதாரணம் நெருக்கடி நிலை அல்ல. எட்டு மாதம் முந்தைய இந்தச் செருகல்தான்.

அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே, அக்டோபர் 15 அன்று, அமெரிக்காவில் அதிபர் ஃபோர்டு ஒரு தேர்தல் நிதிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வாட்டர்கேட் ஊழலின் சூடு ஆறாத நேரம். வேட்பாளர் எவ்வளவு செலவழிக்கலாம், ஒரு தனிநபர் வேட்பாளருக்கு எவ்வளவு நன்கொடை தரலாம் என்ற இரண்டுக்கும் அந்தச் சட்டம் வரம்பு வைத்தது. செலவு வரம்பு விலைவாசிக் குறியீட்டெண்ணோடு கட்டப்பட்டிருந்தது. விலை ஏறினால் தானும் ஏறும். நன்கொடை வரம்பு அப்படிக் கட்டப்படவில்லை. ஒரு தேர்தலுக்கு 1,000 டாலர், அவ்வளவுதான். 1976 ஜனவரியில் பக்லி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், செலவுக்கு வரம்பு வைப்பது பேச்சுரிமைக்கு விரோதம் என்று அதை நீக்கிவிட்டது. நன்கொடை வரம்பை விட்டுவைத்தது. விலையோடு ஏறக்கூடிய வரம்பு போயிற்று, ஏறாத வரம்பு நின்றது. 2002இல் அதை 2,000 டாலராக்கி, இனி விலைவாசியோடு உயரட்டும் என்று சட்டம் செய்யும்வரை அந்த 1,000 டாலர் அப்படியே கிடந்தது. அதற்குள் அதன் வாங்கும் சக்தி கால் பங்குக்குச் சற்று மேல் என்ற அளவுக்குத் தேய்ந்திருந்தது.

அந்தத் தேய்மானத்தை எல்லாரும் கெடுதி என்றார்கள். வேட்பாளர்கள் ஆண்டெல்லாம் கையேந்தி அலைய வேண்டியிருக்கிறதே என்ற புலம்பல் இரு கட்சிகளிலும் இருந்தது. எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. ஒருவர் தரக்கூடிய தொகை சிறுகச் சிறுக, ஆட்கள் அதிகம் தேவைப்படுகிறார்கள். ஆட்களைத் திரட்டும் வேலை பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்தது. சீட்டுப் பிடிக்கும் நம் தெருப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1985இல் எல்லன் மால்கம் என்பவர் தன் வீட்டின் நிலவறையில் தோழிகள் இருபத்தைந்து பேரைக் கூட்டி, தெரிந்தவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதவைத்தார். கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் ஜனநாயகக் கட்சிப் பெண் வேட்பாளர்களின் பெயருக்கு ஒவ்வொருவரும் தனித்தனியாகக் காசோலை எழுதுவார்கள். அமைப்பு அவற்றைக் கட்டாகச் சேர்த்து அனுப்பும். ஒவ்வொன்றும் வரம்புக்குள் இருக்கும், சேர்ந்தால் மலையாகும். அமைப்பின் பெயர் எமிலிஸ் லிஸ்ட். எமிலி ஒரு பெண்ணல்ல. ‘எர்லி மணி இஸ் லைக் ஈஸ்ட்’ என்ற சொற்களின் முதலெழுத்துகள். முதலில் வரும் பணம் மாவை உப்பவைக்கும் ஈஸ்ட் போல, பின்னால் வரும் பணத்தையும் இழுத்துவரும் என்பது பொருள். மறு ஆண்டே அவர்கள் ஆதரித்த பார்பரா மிகுல்ஸ்கி செனட் உறுப்பினரானார். இதைப் பெரிய புரட்சியாகச் சொல்லிவிடமாட்டேன். காசோலை எழுத வங்கிக் கணக்கில் பணம் இருந்த பெண்களின் வரலாறு இது. 2010க்குப் பிறகு, சுதந்திரச் செலவு என்ற பெயரில் கம்பெனிப் பணம் வரம்பில்லாமல் இறங்கவும் நீதிமன்றம் வழிவிட்டது.

நாம் அதற்கு நேர்மாறான பாதையில் போனோம். இங்கே தனிநபர் எவ்வளவு தரலாம் என்பதற்கு வரம்பே இல்லை. வேட்பாளரின் செலவுக்கு வரம்பு உண்டு, கட்சியின் செலவுக்கு இல்லை. 2003இல் 77ஆவது பிரிவைத் திருத்தி, 1974இன் செருகலைச் சுருக்கினார்கள். ஆனாலும் நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவும் கட்சியின் பொதுப் பிரச்சாரமும் இன்றும் வேட்பாளர் கணக்கில் வராது. அப்படி உடைந்த வரப்பைத்தான் மறுபடி மறுபடி உயர்த்தினார்கள். பெரிய மாநிலங்களில் 1980இல் 1 லட்சம், 1996 தேர்தலில் 4.5 லட்சம், 1998இல் 15 லட்சம், 2004இல் 25 லட்சம், 2011இல் 40 லட்சம், 2014இல் 70 லட்சம்.

உயர்த்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விலை ஏறும்போது செலவு வரம்பை மட்டும் உறையவைத்தால் எல்லா வேட்பாளரும் பொய்க் கணக்கு எழுதுவார்கள். அந்தப் பொய்யும் எல்லாருக்கும் சமமாக விலை வைப்பதில்லை. உத்தரப் பிரதேசத்தில் 2007இல் பிசௌலி தொகுதியில் வென்ற உம்லேஷ் யாதவ், செய்திபோல வெளிவந்த விளம்பரத்துக்கான 21,250 ரூபாயைக் கணக்கில் காட்டவில்லை என்று 2011 அக்டோபரில் தேர்தல் ஆணையம் அவரை மூன்றாண்டு தகுதிநீக்கம் செய்தது. பதவியில் இருக்கும்போது இப்படித் தகுதி இழந்த முதல் சட்டமன்ற உறுப்பினர் அவர். ஆணையத்தின் முடிவு சரியானதே. ஆனால் கோடிகள் கணக்கில் ஏறாத நாட்டில் முதலில் சிக்கியது ஒரு பெண்ணின் 21,250 ரூபாய் என்பதைப் படிக்கும்போது சிரிப்பா எரிச்சலா என்று தெரியவில்லை.

விலைவாசி தானாகவே ஒரு கதவைத் திறந்துவிட்ட கதையும் உண்டு; அது நம் ஊரில் முடிந்தது. வேட்பாளர் கட்டும் டெபாசிட் 1951இல் மக்களவைக்கு 500 ரூபாய், சட்டமன்றத்துக்கு 250. நாற்பத்தைந்து ஆண்டுகள் யாரும் அதைத் தொடவில்லை. 1951இல் சாதாரணக் குடும்பம் புரட்டமுடியாத தொகை, 1996இல் ஒரு நல்ல புடவை விலைக்கு வந்துவிட்டது. அந்த ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் எதிர்ப்பைக் காட்டத் திரண்டு மனுப்போட, வேட்பாளர்கள் 1,033 பேர் ஆனார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியிருந்தது. அத்தனை பேரில் வென்றவர் சுப்புலட்சுமி ஜெகதீசன் என்ற பெண் என்பது பலருக்கு நினைவில்லை. அதே ஆண்டு நல்கொண்டா மக்களவைத் தொகுதியிலும் 480 பேர் நின்றார்கள். உடனே சட்டம் விழித்துக்கொண்டது. டெபாசிட் ஒரே தாவலில் இருபது மடங்காகி 10,000, 5,000 என்றாயிற்று. 2010 முதல் 25,000, 10,000. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்குப் பாதி. பெண்களுக்குச் சலுகை ஏதுமில்லை.

2024–25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் நாள் கூலி 319 ரூபாய். அந்த வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 25,000 ரூபாய் டெபாசிட் கட்ட 78 நாள் கூலி போதாது. 79ஆம் நாளும் மண்வெட்டி எடுக்க வேண்டும். ஆறில் ஒரு பங்கு வாக்கு வாங்காவிட்டால் அதுவும் திரும்பி வராது.

இந்தக் கூலியைத் திருத்துவது விவசாயத் தொழிலாளர்களுக்கான விலைக் குறியீட்டெண்ணை வைத்து. செலவு வரம்பைத் திருத்த 2020இல் ஆணையம் அமைத்த குழு, மூன்று ஆண் அதிகாரிகள் கொண்டது, வேறொரு எண்ணை எடுத்தது. வருமானவரிச் சட்டத்தின் செலவுப் பணவீக்கக் குறியீடு. வீடு, நிலம், நகை விற்றவரின் மூலதன ஆதாயத்தைக் கணக்கிட உருவான எண் அது. நகர்ப்புற நுகர்வோர் விலையேற்றத்தில் முக்கால் பங்குதான் அதில் ஏறும் என்பதால் அதை ஊதாரித்தனமான அளவுகோல் என்று குறைசொல்ல முடியாது. ஆனாலும் ஒரு ஜனநாயகத்தின் வாசல் உயரத்தை அளக்கச் சொத்து விற்பவரின் முழக்கோல்தான் கைக்கு எட்டியதா?

அந்த எண் 2014–15இல் 240, 2021–22இல் 317. அதே காலத்தில் வாக்காளர் 83.4 கோடியிலிருந்து 93.6 கோடி ஆனார்கள். விலையை மட்டும் பார்த்தால் 70 லட்சம் சுமார் 92.5 லட்சமாகும், வாக்காளர் பெருக்கத்தையும் சேர்த்தால் 1 கோடியைத் தாண்டும். 2022 ஜனவரியில் அறிவித்தது 95 லட்சம். சட்டமன்றத்துக்கு 40 லட்சம். விலை ஏறியிருக்கிறதா, வாக்காளர் கூடியிருக்கிறார்களா என்று குழு கேட்டது, பதிலும் கிடைத்தது. பணமில்லாதவர் போட்டியிட முடிகிறதா என்ற பகவதியின் கேள்விக்கு அந்தக் கணக்கில் பத்தியே இல்லை. முதல் தேர்தலோடு ஒப்பிட்டால் வரம்பு 380 மடங்கு, டெபாசிட் 50 மடங்கு.

பிற்பாடு எனக்கு உறுத்தியது வேறொன்று. 1996இல் மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதாவை ஆராய்ந்த கூட்டுக்குழுவின் தலைவர் கீதா முகர்ஜி. 1998இல் தேர்தல் செலவுக்கு அரசே நிதி தருவதை ஆராய்ந்த குழுவின் தலைவர் இந்திரஜித் குப்தா. இருவரும் வங்காளத்திலிருந்து வந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி எம்.பி.க்கள். எரிபொருள், அச்சுக் காகிதம், ஒலிபெருக்கி என்று பொருளாக அரசு தரலாம் என்றது குப்தா குழு, ஆனால் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு மட்டும். இடத்தைப் பற்றி ஓர் அறிக்கை, பணத்தைப் பற்றி இன்னொன்று. இரண்டையும் சேர்த்து வைத்து நாம் படிக்கவில்லை. பெண்கள் இயக்கம் இடத்துக்காகக் கால் நூற்றாண்டுக்கு மேல் போராடி 2023இல் 106ஆவது திருத்தத்தைப் பெற்றது. பணத்தைப் பற்றிய அறிக்கை தூசியில் கிடக்கிறது.

உள்ளாட்சியில் என்ன நடந்தது என்று பார்த்தாலே போதும். 2019 ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவர் வேட்பாளருக்கு வரம்பு 34,000 ரூபாய், வார்டு உறுப்பினருக்கு 9,000. கேட்கவே நன்றாக இருக்கிறது. அந்தத் தேர்தலில்தான் தலைவர் பதவியைப் பல ஊர்களில் லட்சக்கணக்கில் ஏலம் விட்ட செய்திகளும் வந்தன. பாதி இடம் பெண்களுக்கு. ஏலம் கேட்டவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

இட ஒதுக்கீடு மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்தபிறகுதான் அமலாகும். அதற்குள் இன்னொரு குழு உட்காரும், வரம்பு 1 கோடியைத் தாண்டும். அந்தக் குழுவிடம் கேட்க என் பட்டியல் சிறியது. கட்சியின் செலவுக்கும் வரம்பு வேண்டும். டெபாசிட்டில் பெண்களுக்குச் சலுகை வேண்டும். முதல் முறை நிற்கும் பெண்களுக்கு, கட்சி சார்ந்தவரோ சுயேச்சையோ, குப்தா குழு சொன்ன காகிதமும் எரிபொருளும் அரசு தர வேண்டும். நான்காவது ஒன்றும் உண்டு. 2018இல் நியூயார்க்கில் போட்டியிட்ட லியூபா கிரெச்சன் ஷர்லி, பிரச்சாரத்துக்குப் போகும் நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவருக்குத் தரும் சம்பளத்தைத் தேர்தல் நிதியிலிருந்து கொடுக்கலாமா என்று அமெரிக்கத் தேர்தல் ஆணையத்திடம் கேட்டார். கொடுக்கலாம் என்றது ஆணையம். நம் செலவுக் கணக்குப் படிவத்தில் பொதுக்கூட்டம், பிரச்சாரப் பொருள், வாகனம், பிரச்சாரப் பணியாளர் என்று தலைப்புகள் உண்டு. குழந்தையைப் பார்த்துக்கொள்பவரின் சம்பளத்தை எந்தத் தலைப்பில் எழுதலாம் என்று அடுத்த தேர்தலில் ஒரு வேட்பாளர் எழுத்து மூலம் கேட்டால், ஆணையம் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.