ஊவா மலைப்பாதையில் ஒயில் வடிகட்டி

டீசல் எஞ்சினுக்குள் சுற்றும் ஒயிலுக்கு இரண்டு வேலை. உரசும் உலோகங்களுக்கு நடுவே மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைத் தடுப்பது ஒன்று. எரிந்த கரியையும் தேய்ந்து உதிர்ந்த உலோகத் துகளையும் காற்றோடு நுழைந்த தூசியையும் சுமந்துகொண்டு போவது மற்றது. இரண்டாவது வேலையை ஒயில் எவ்வளவு நன்றாகச் செய்கிறதோ அவ்வளவுக்கு அழுக்காகி, முதல் வேலைக்குத் தகுதி இழக்கிறது. இந்த முரணைத் தீர்க்க வந்ததுதான் வடிகட்டி. சமவெளியில் ஓடும் லொறிக்கு அது ஒரு பராமரிப்புப் பொருள் மட்டுமே. ஊவா மலைச்சரிவில் ஓடும் லொறிக்கோ எஞ்சினின் ஆயுளை அதுவே பெரிதும் தீர்மானிக்கிறது.

காரணம் பாதையிலேயே இருக்கிறது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பெரகலை, கொஸ்லந்தை வழியாக வெல்லவாய நோக்கிச் செல்லும் ஏ-4 வீதி, மலைவிளிம்பிலிருந்து கிழக்குச் சமவெளிக்கு இறங்குகிறது. பெரகலையில் பிரியும் கிளை ஹப்புத்தளைக்கு ஏறும். ஹப்புத்தளையின் உயரம் ஏறக்குறைய 1,400 மீட்டர். வெல்லவாயவின் உயரம் 200 மீட்டர் அளவே. மேலே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சின் அங்கே குறைந்த காற்றை இழுத்து, பம்ப் தரும் அதே அளவு டீசலை எரிக்க முயலும். எரியாது மிஞ்சுவது கரும்புகையாகிறது. அதில் ஒரு பகுதி பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஒயிலில் கலக்கிறது. முதலாம், இரண்டாம் கியரில் மணிக்கணக்கில் முக்கி ஏறும் லொறியில் இது இரட்டிப்பாகும்.

  

மலையில் எஞ்சின் லொறிகள் பரவுவதற்கு முன் கோப்பியும் பின்னர் தேயிலையும் மாட்டு வண்டியில் இறங்கின. ரயில் 1893இல் ஹப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளைக்கு வர 1924 ஆயிற்று. ரயில் எட்டாத சரிவுகளில் கம்பிவடம் கொழுந்தைச் சுமந்தது. லொறி வந்தபோது அது பெற்றோல் லொறியாகவே வந்தது.

இரண்டாம் உலகப் போர் இலங்கையைப் படைத்தளமாக்கியது. 1942 ஏப்ரலில் கொழும்பும் திருகோணமலையும் ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு ஆளாயின. 1944இல் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைக்கு வந்தது. ஊவாவின் தியத்தலாவை, போயர் போர்க் கைதிகளை அடைத்து வைத்த காலத்திலிருந்தே படை முகாமாக இருந்த ஊர். அக்காலப் பிரித்தானியப் படைகளிடம் இருந்த லொறிகள், பெட்ஃபோர்டானாலும் கனடாவில் ஃபோர்ட், ஷெவர்லே கட்டியவையானாலும், பெரும்பாலும் பெற்றோலில் ஓடியவை. அவற்றின் ஒயில் வடிகட்டும் முறை இன்றைய கண்ணுக்கு அரைகுறையாகத் தோன்றும்.

அந்த அரைகுறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1920கள் வரை கார் எஞ்சின்களில் கம்பி வலை தவிர வேறு வடிகட்டி இல்லை. ஒயிலை அடிக்கடி மாற்றுவதே வழி. 1923இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லண்ட் உருவாக்கிய பியூரோலேட்டர், ஒயிலைத் துணியினூடே செலுத்திச் சுத்தம் செய்தது. ஆனால் அது பக்கவழி முறை. பம்ப் தள்ளும் ஒயிலில் பத்தில் ஒரு பங்கு போல மட்டும் வடிகட்டிக்குப் போய், எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்புக்குத் திரும்பும். மிச்சம் நேராகப் பெயாரிங்குகளுக்குப் போய்விடும். சுற்றிச் சுற்றி வருவதால் எல்லா ஒயிலும் என்றாவது ஒரு முறை வடிகட்டிக்குள் நுழையும் என்பதே இதன் நம்பிக்கை. நுண்துகளைப் பிடிப்பதில் இது கெட்டிக்கார முறை. பெயாரிங்கை நோக்கி ஓடும் ஒரு பெரிய துகளைத் தடுப்பதில் கையாலாகாதது.

முழுவழி முறையில் எல்லா ஒயிலும் வடிகட்டியைக் கடந்தே பெயாரிங்குக்குப் போகும். அதனால் வடிகட்டி அடைத்துக்கொண்டால் எஞ்சின் வறண்டுவிடும் என்ற அச்சம் எழுந்தது. அழுத்த வேறுபாடு கூடினால் தானே திறந்து, வடிகட்டாத ஒயிலை விடும் மாற்றுவழி வால்வு அதற்குப் பதிலாக அமைந்தது. அழுக்கு ஒயில் போவது ஒயிலே போகாமல் இருப்பதைவிட மேல் என்பது அந்த வால்வின் தர்க்கம். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பிசின் ஏற்றி மடித்த காகிதம் துணியின் இடத்தைப் பிடித்தது. 1954இல் விக்ஸ் நிறுவனம், தகரக் கூடும் காகிதமும் ஒன்றாகத் திருகிக் கழற்றக்கூடிய வடிகட்டியைக் கொண்டு வந்தது.

டீசலுக்கு மாறியபோது அழுக்கின் தன்மையே மாறியது. 1930களின் இறுதியில் வந்த பெர்கின்ஸ் பி-6, பெற்றோல் லொறிகளில் மாற்றிப் பூட்டப்பட்ட எஞ்சின்களில் மிகப் பெயர் பெற்றது. இலங்கையில் 1939இல் தொடங்கிய டீசல் அண்ட் மோட்டர் எஞ்சினியரிங் நிறுவனம், பெயரிலேயே டீசலை வைத்துக்கொண்டது. டைம்லர்-பென்ஸுடன் கூட்டுச் சேர்ந்து 1954 முதல் லொறி கட்டிய டாட்டா, தன் முதல் ஏற்றுமதியை 1961இல் இலங்கைக்கே அனுப்பியது. டீசல் கரி மிக நுண்ணியது. பழைய வெறும் ஒயிலில் அது திரண்டு பிஸ்டன் ரிங்கில் கெட்டியாகும். 1930களின் நடுவில் அமெரிக்காவில் வந்த கழுவுந்தன்மையுள்ள டீசல் ஒயில், கரியைத் திரளவிடாமல் மிதக்க வைத்தது. ஒயில் கறுத்துப்போவது கெட்டதற்கான அடையாளம் என்று எண்ணிய ஓட்டுநர்களுக்கு, கறுக்காத ஒயிலே சந்தேகத்துக்குரியது என்ற பாடம் புதிதாக இருந்தது.

படைகள் டீசலுக்கு மெல்லத்தான் வந்தன. எந்த எரிபொருள் கிடைத்தாலும் ஓட வேண்டும் என்ற கொள்கையில் பிறந்தவை பல்லெரிபொருள் எஞ்சின்கள். ஜெர்மனியின் மான் நிறுவனம் வகுத்த எரிப்பு முறை, அமெரிக்காவின் இரண்டரை டன் எம்-35 லொறியின் பிந்தைய வகைகளுக்கும், ஜபல்பூரில் 1959 முதல் 1996 வரை கட்டப்பட்ட இந்தியாவின் சக்திமானுக்கும் பொது. 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படையோடு சக்திமான்கள் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் ஓடின. இத்தகைய எஞ்சினில் ஒயிலுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: மெல்லிய எரிபொருள் சிலிண்டர் சுவரில் வழிந்து சம்பில் இறங்கினால் ஒயில் நீர்த்துப்போகும். நீர்த்த ஒயிலை எந்த வடிகட்டியும் திருத்தாது.

பழைய படை லொறிகளின் வடிகட்டி பெரும்பாலும் குடுவை வகை. இரும்புக் குடுவைக்குள் ஃபெல்ட் அல்லது காகித உருளை, அடியில் சுருள்வில், நடுவே நீண்ட போல்ட், மேலே ரப்பர் வளையம். படைப்பிரிவில் பயிற்சி பெற்ற கையும் அட்டவணையும் இருக்கும் வரை இது நல்ல அமைப்பு. ஏலத்தில் விற்கப்பட்டு விறகும் மரமும் ஏற்றப் போகும்போது குறைகள் தெரியும். கழற்றும்போது ஒயில் முழங்கை வரை வழியும். பழைய ரப்பர் வளையம் பள்ளத்தில் ஒட்டியிருக்க, அதன் மேலேயே புதியதைப் போட்டால் ஓடும்போது ஒயில் பீறிடும். சுருள்வில்லின் கீழுள்ள சிறு வாஷர் தொலைந்தால் நிலைமை இன்னும் மோசம்: வெளியே ஒழுக்கு இராது, அழுத்தமானியும் சரியாகக் காட்டும், ஆனால் ஒயில் உருளையைச் சுற்றிக்கொண்டு வடிகட்டப்படாமலே போகும். இரவு நின்ற எஞ்சினில் குடுவை வற்றிவிட்டால், காலையில் முதல் சில நொடிகள் பெயாரிங்குகள் வறண்டு சுழலும்.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிய ஆண்டுகளில், உருளை கிடைப்பதே பெரும்பாடு. ஃபெல்ட்டை மண்ணெண்ணெயில் கழுவித் திரும்பப் போடலாம். காகிதத்தைக் கழுவினால் கிழியும், கிழியாவிட்டாலும் துளைகள் அடைந்திருக்கும். 1977க்குப் பின் சந்தை திறந்தபோது ஜப்பானிய லொறிகள் பெருகின. அவற்றோடு திருகு வடிகட்டியும் பதுளை, பண்டாரவளை உதிரிப்பாகக் கடைகளில் சாதாரணச் சரக்காயிற்று. பழைய எஞ்சினுக்கு அதைப் பொருத்தும் எண்ணத்துக்கு இந்த எளிய கிடைப்பே முதற் காரணம்.

மாற்றத்தின் நடுப்பொருள் ஒரு தகடு. பழைய குடுவையின் இடத்தில் எஞ்சினோடு பூட்டி, மறுபக்கம் திருகு வடிகட்டியின் மரையை ஏற்கும்படி கடைந்தது அது. இரண்டு தவறுகள் இங்கே சாதாரணம். குடுவைத் தலையில் இருந்த மாற்றுவழி வால்வு தகட்டோடு போய்விட்டால், அதே அழுத்தத்தில் திறக்கும் வால்வு புதிய வடிகட்டிக்குள் இருக்க வேண்டும். மரை சேர்ந்தது என்பதற்காகச் சிறிய காரின் வடிகட்டியைப் பூட்டினால், குளிர்ந்த தடித்த ஒயிலில் வால்வு பெரும்பாலான நேரம் திறந்தே கிடக்கும். இரண்டாவது, ஒயில் போகும் திசை. உள்ளும் வெளியும் மாறினால், ஒயில் திரும்பி வற்றாமல் காக்கும் ரப்பர் தடுப்பே வழியை மூடிவிடும். தலைகீழாகத் தொங்கும் வடிகட்டியில் அந்தத் தடுப்பு தன் வேலையை நன்றாகச் செய்யும். நிமிர்ந்து நிற்பதிலும் படுத்திருப்பதிலும் அதன் தரம்தான் பேசும்.

மலைப்பாதைக்குப் பக்கவழி வடிகட்டியைக் கூடுதலாகச் சேர்ப்பதே உண்மையான மேம்பாடு. காகித முழுவழி வடிகட்டி பிடிப்பது சுமார் 20 முதல் 40 மைக்ரோன் வரையுள்ள பெரிய துகள்களை; பெயாரிங்கைத் தேய்ப்பதில் அதைவிடச் சிறியவற்றுக்கும் பெரும் பங்கு உண்டு. அழுத்தமானிக்குப் போகும் துளையிலிருந்து ஒரு குழாய் எடுத்து, அடர்ந்த வடிகட்டியினூடே சம்புக்குத் திருப்பலாம். நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் அளவான குறுகிய துளை கட்டாயம். அது இல்லாவிட்டால் சுமையோடு மெதுவாக ஏறும் சூடான எஞ்சினில் அழுத்தம் விழும். சுழல் வடிகட்டி என்றால் காகிதமே வேண்டாம்: ஒயிலின் அழுத்தமே உருளையை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றவைக்க, கரி சுவரில் தாராக ஒட்டிக்கொள்ளும், கத்தியால் சுரண்டி எடுக்கலாம்.

பல்லாண்டு வெறும் ஒயிலில் ஓடிய எஞ்சினுக்குக் கழுவுந்தன்மையுள்ள ஒயிலை ஊற்றினால், அடியில் படிந்த கசடு கரைந்து வந்து புதிய வடிகட்டியைச் சில நூறு கிலோமீட்டரிலேயே அடைக்கும். முதல் வடிகட்டியை விரைவில் கழற்றி வெட்டிப் பார்ப்பது இதனால்தான். மடிப்புகளில் வெறும் கரி என்றால் கவலையில்லை. பித்தளை நிறத்தில் மின்னினால் பெயாரிங்கின் மேல்பூச்சு போய்விட்டது. காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு. கிராங்க் தண்டு, லைனர், கியர் எது என்று தேட வேண்டும். புதியது பூட்டியதும் டீசலை நிறுத்திவைத்து, அழுத்தமானி முள் எழும் வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றுவது பழைய எஞ்சின்களுக்கு ஏற்ற முறை.